பிரேக் லேட்டாகப் பிடிக்கிறது

அவளுக்கு ஊருக்குள் ஒரே பெயர்தான், பிரேக் அக்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த சீட்டில்தான் அவள் பிழைப்பு. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத கல்லூரிப் பெண்கள், ஓய்வுபெற்ற பிறகு ஆசை வந்த அதிகாரிகள், கணவன் கற்றுக்கொடுக்கப் போய் வீட்டில் பேச்சே நின்றுபோன மனைவிகள் என்று ஒரு பட்டாளத்தையே பத்திரமாகச் சாலையில் இறக்கிவிட்டிருக்கிறாள்.

மாணவர்களின் முகத்தை அவள் அதிகம் பார்ப்பதில்லை. கண் சாலையில் இருக்கும். ஓரக்கண் அவர்களுடைய வலது காலில் இருக்கும். பயந்தவர்களின் குதிகால் தரையைத் தொடாமல் தொங்கும். அதிகத் தைரியசாலிகளின் கால் ஆக்சிலரேட்டரை விட்டு வர மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். "வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பாள். அந்த விஷயத்தில் தன்னை ஏமாற்ற ஆள் இல்லை என்று அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி. ஆறு வயது சிறியவன். பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "நான் வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் யார் நீன்னு கேக்கறதுக்கு ஒருத்தி வேணுமா?" என்று சிரிப்பான். நாற்பத்து நான்காவது வயதில் போதும் என்று கரையேறி, ஒரு தொழிற்சாலையில் பாய்லர்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தான். அக்காவும் அவள் கணவரும் இருந்த அடுக்குமாடிக் கட்டிடத்திலேயே, அவர்களுக்கு ஒரு மாடி மேலே, வீடு பார்த்துக்கொண்டான். வந்த மூன்றாவது மாதம் அந்தக் காரை வாங்கினான்.

வேறொருவர் ஏழு வருடம் ஓட்டியதுதான். ஆனாலும் பார்த்தவர்கள் நின்று பார்த்தார்கள். மழைக்கு முந்தைய வானத்தின் நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். பின்சீட் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு கைப்பையும் அரைக் கிலோ திராட்சையும் வைக்கலாம். அக்காவின் கணவர் பள்ளிக்கூட நூலகர், நல்ல உயரம். முதல் நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "மாப்ளே, இதுல ஏறணும்னா முதல்ல என்னை நாலா மடிக்கணும்" என்றார்.

"மடிச்சு ஏத்திடலாம் அத்தான். இறக்கறதுதான் கஷ்டம்."

தம்பி அதை ஓட்டியதைவிடப் பராமரித்த நேரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வெயில் படுவதற்கு முன்னால் கீழே இறங்கிவிடுவான். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றழுத்தம் சரியாகத் தெரியும் என்று நான்கையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவான். முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அதைவிட அகலம். அதனால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. ஸ்டெப்னியும் கிடையாது. டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் நான்கு எண்களாக அச்சிட்டிருப்பதை அக்காவுக்குக் காட்டினான்.

"பாத்தியா? டயரோட பட்டன் தேயலைன்னாலும் ஆறு வருஷம் ஆயிட்டா ரப்பர் செத்துடும். மழையில பிடிப்பு இருக்காது."

"பொண்ணு பாத்திருந்தாக்கூட நீ இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டே" என்றாள் அக்கா.

ஆனால் அவளுக்கும் அந்தக் கார் பிடித்திருந்தது. மாலையில் வகுப்பெல்லாம் முடிந்து வந்ததும், "ஒரு ரவுண்டு?" என்பான். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அந்த எஞ்சின் முதலில் ஒரு முறை தொண்டையைக் கனைக்கும். பிறகு வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஓர் உறுமல். பகல் முழுக்க இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தவளுக்கு அது ஒரு விடுதலை. உபதேசம் செய்யாமல் வர வேண்டும் என்பது மட்டும் தம்பியின் நிபந்தனை. பெரும்பாலும் அவள் அதைக் காப்பாற்றினாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள், ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. தம்பி பிரேக் போடுவதற்கு ஒரு கணம் தாமதமானது. அந்தக் கணத்தில் அக்காவின் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் மிதியடிதான். வேனில் இடிக்க ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

"டேய், தூங்கறியா? காலைத் தூக்கி வைடா, இழுக்காதே!"

"நான் வச்சேன். பிடிக்கறதுக்கு லேட்டாகுது."

"வண்டியையா சொல்றே?"

"வேற யாரைச் சொல்ல? பெடல்ல ஏதோ தட்டுது."

தம்பி பத்தொன்பது வருடம் கப்பல் எஞ்சின் பார்த்தவன். குறை இயந்திரத்தில் என்று அவன் சொன்னால் இயந்திரத்தில்தான். காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார்கள். அது சர்வீஸ் சென்டர் மாதிரியே இருக்காது. கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, காப்பி இயந்திரம், தரையில் ஒரு எண்ணெய்ச் சொட்டு கிடையாது. நீலச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் கையில் பலகை மாதிரி ஒரு திரையோடு வந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சர்வீஸ் அட்வைசர் என்று மார்பில் அட்டை குத்தியிருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குள் தம்பி எட்டிப் பார்க்கப் போனான். "சார், அங்கே அனுமதி இல்லை" என்று சிரித்துக்கொண்டே தடுத்தாள். கப்பலின் வயிற்றையே கழற்றி மாட்டியவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காகிதக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

பிரேக் பேட் மாற்றினார்கள். பிரேக் ஆயிலை மாற்றினார்கள். இரண்டு வாரம் சரியானது போல இருந்தது. மறுபடி அதே தாமதம். இரண்டாவது முறை காரை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, மடிக்கணினியை இணைத்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். தாளில் ஒரு வரி வந்தது: குறை உறுதிப்படவில்லை. மூன்றாவது முறை அக்காவும் கூடப் போனாள். அதே வரியைத் திரையில் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உறுதிப்படலையா? நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்மா. இருபது வருஷமா இதான் என் தொழில். ஒரு உயிர் போனாத்தான் உங்க கம்ப்யூட்டருக்கு உறுதிப்படுமா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்வைசர் பெண்ணின் காது சிவந்துபோனது. தம்பி அக்காவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். வாசல் படியில் ஒரு முறை தடுக்கி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா?"

"புது ஷூ. மட்டமான ஷூ."

அடுத்த மாதம் கட்டிட வாசலில் திரும்பும்போது வேகம் குறையாமல் போய் ஓரக்கல்லில் மோதினான். யாருக்கும் அடியில்லை. முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் கோழி முட்டை அளவுக்கு ஒரு புடைப்பு வந்துவிட்டது. அந்த டயர் இனி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். முன்னால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று தம்பி முடிவு செய்தான். மறுநாள் சனிக்கிழமை. அக்காவும் கூடப் போனாள்.

டயர்க் கடை தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். பேசும்போதும் கை ஏதாவது ஒரு டயரைத் தடவிக்கொண்டே இருக்கும். பிரேக் லேட்டாகப் பிடிக்கிற கதையையும் அவரிடம் சொன்னார்கள். தரையோடு ஒட்டிய ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, கழற்றிய டயரை மடிக்கு எதிரே நிறுத்தி விரலால் சுற்றி வந்தார்.

"இடது டயர் உள் ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. அலைன்மென்ட் போயிருக்கு. எப்பவோ பள்ளத்துல விட்டிருக்கீங்க."

"அப்படியா? காட்டுங்க" என்று தம்பி நடந்து வந்தான்.

கடைக்காரர் டயரைக் காட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்தவரின் கண் உயரத்துக்கு நேராகத் தம்பியின் கால்கள் இருந்தன.

"சார், கொஞ்சம் நில்லுங்க. ஷூவைக் கழட்டிக் குடுங்க."

தம்பி சிரித்தான். "ஷூவுக்கும் அலைன்மென்ட் பண்றீங்களா?"

"குடுங்களேன்."

இரண்டு ஷூவையும் வாங்கி, டயரைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருகருகே வைத்தார். இடது ஷூ கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. வலது ஷூவின் நுனி தேய்ந்து, தோல் போய், உள்ளே இருந்த துணி தெரிந்தது.

"எப்ப வாங்கினது?"

"ரெண்டு மாசம் இருக்கும். மட்டமான ஷூங்க."

"இங்க வர்ற எல்லாரும் டயர் மட்டம்னுதான் சொல்வாங்க" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. "நடக்கறப்ப இந்தக் காலோட நுனி தரையில இழுபடுது சார். நீங்க தூக்கறதா நெனைக்கிறீங்க, அது எந்திரிக்கல. எத்தனை நாளா இருக்கு?"

தம்பி ஷூவைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினான். கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் டாக்டர் இல்ல. சும்மா நரம்பு பிடிச்சதாக்கூட இருக்கலாம். ஆனா பிரேக்ல குறை இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. இன்னிக்கு வண்டியை அக்கா ஓட்டிட்டுப் போகட்டும்."

அன்றுதான் அவள் அந்தக் காரை முதல் முறையாக ஓட்டினாள். இத்தனை நாள் ஆசை இருந்தும் தம்பியின் பொருள் என்று கேட்காமல் இருந்தாள். காலை லேசாக வைத்ததுமே கார் துள்ளியது. வழியெல்லாம் அவள் கண் சாலையில் இருந்தது. ஓரக்கண்ணால் மட்டும் எதையும் பார்க்கத் துணியவில்லை. வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"கியர் மாத்தறப்ப அவசரப்படறே."

மருத்துவமனையில் ஆறு வாரம் அலைந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், முதுகுத் தண்டைப் படம் பிடித்தார்கள், தசைகளில் ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு சோதனை அறைக்கும் வெளியே உட்கார்ந்து, இங்கேயும் குறை உறுதிப்படாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். உறுதிப்பட்டுவிட்டது. நரம்பு மருத்துவர் நீளமான ஒரு பெயரைச் சொன்னார். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே போகும் என்றார். காலில் ஆரம்பித்தது கைக்கு வரும், பிறகு பேச்சுக்கு, விழுங்குவதற்கு, கடைசியில் மூச்சுக்கு. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு மாத்திரை உண்டு, அவ்வளவுதான்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "பார்ட்ஸ் எதுவும் கிடைக்காதா டாக்டர்?" என்று கேட்டான்.

"கிடைக்காது" என்றார் மருத்துவர். அவர் சிரிக்கவும் இல்லை, ஆறுதலாக வேறெதையும் சேர்க்கவும் இல்லை. அதற்காக அவரைத் தம்பிக்குப் பிடித்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி வெளியே நின்று தட்டினான்.

"வெளிய வா. பசிக்குது."

"நான் பாத்தேன்டா. ரவுண்டானாகிட்ட பாத்தேன். காலை இழுக்காதேன்னு என் வாயாலதானே சொன்னேன்? ஊர்ல இருக்கறவன் கால் எல்லாம் தெரியுது. உன் கால் எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா?"

"முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்போமே."

"நான் அதைத்தான் மொதல்ல கேட்டேன். எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் இதேதான்னார். ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னான். ஆனால் தன் தவறுதான் என்று இருந்தவரை பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதோ ஒன்று இருந்தது. இப்போது அதுவும் கையை விட்டுப் போனது.

கார்ச் சாவியைத் தம்பி தானாகவே கொடுத்துவிட்டான். விற்கலாமா என்று அத்தான் ஜாடையாகக் கேட்டபோது மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "கொஞ்ச நாள் போகட்டும் அத்தான். வண்டி சும்மா நிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை, ஆயில் நல்லா சூடாகற வரைக்கும் அக்கா ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போனார்கள். ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் இப்போது மாணவி. "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை, வளைவுல குறைக்காதே." "சத்தத்தைக் கேளு. அது கேக்குது, அடுத்த கியர் குடு." அவளுக்குக் கோபம் வரும். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்பாள். ஆனால் அவன் சொன்னது சரியாக இருக்கும். ஒரு முறை எதிரே ஒரு நாய் ஓடிவந்தது. அவள் சடாரென்று பிரேக் போட்டாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் கால் தரையை மிதிக்கும். அது அவளுக்குத் தெரியும். தம்பியின் இரண்டு கால்களும் வைத்த இடத்திலேயே கிடந்தன. இடது காலுக்கும் வந்துவிட்டது என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. முதல் கியர் போட்டு வண்டியை எடுத்தாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வந்து காரை நிறுத்தினாள். தம்பியால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த சீட் அவ்வளவு தாழ்வு. கைகளை ஊன்றி எழப் பார்த்தான், கைகள் நடுங்கி மடங்கின. அக்கா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பாதி வந்து மறுபடி விழுந்தான். அத்தானைக் கூப்பிட்டாள். அவர் உயரத்துக்குக் குனிந்து காருக்குள் கையை விடவே முடியவில்லை, தலை கூரையில் இடித்தது. காவலாளியும் வந்தார். ஒருவர் காலைப் பிடித்து வெளியே திருப்ப, ஒருவர் இடுப்பைப் பிடிக்க, அகலமான கதவு பக்கத்துக் காரில் இடிக்காமல் அக்கா பிடித்துக்கொள்ள, முக்கால் மணி நேரம் ஆனது.

"நான் அப்பவே சொன்னேனே அத்தான், இறக்கறதுதான் கஷ்டம்னு" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் கோணி, சிரிப்பு அழுகையாக மாறியது. காவலாளி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் யாரோ கூப்பிட்டது போல நடந்து போனார்.

அதற்குப் பிறகு தம்பி பால்கனியிலிருந்து பார்த்தான். அக்கா கீழே காற்றழுத்தம் பார்த்து அண்ணாந்து எண்ணைச் சொல்வாள். அவனால் எழுத முடிந்தவரை எழுதினான். பேனா விரலில் நிற்காமல் போனதும், மேலே வந்து அவள் எழுதினாள். கார் ஒரு வாரம் நின்ற இடத்திலேயே நிற்பதால் டயர் தரையில் படும் பக்கம் தட்டையாகி, கிளம்பிய முதல் ஒரு கிலோமீட்டருக்கு ஸ்டியரிங் நடுங்கியது. டயர்க்காரரிடம் கேட்டாள். புதன்கிழமை அரை அடி முன்னால் நகர்த்தி வைக்கச் சொன்னார். வகுப்புக்குப் போகிற அவசரத்திலும் அவள் புதன்கிழமை தவறாமல் அரை அடி நகர்த்தினாள். "யார் ஓட்டப் போறா, இவ்வளவு ஏன் மெனக்கெடறே?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார். தம்பியின் உடம்பில் செய்வதற்கு அவளுக்கு எதுவும் இருக்கவில்லை. மாத்திரை, பிசியோதெரபி, சக்கர நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வந்து போனார்கள். யார் வந்தும் எதுவும் நிற்கவில்லை. கார் மட்டும் சொன்னதைக் கேட்டது. காற்றடித்தால் அழுத்தம் ஏறியது.

வருடாந்திர சர்வீசுக்கான விளக்கு எரிந்தது. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இருந்தாலும் தேதி வந்துவிட்டால் அது எரியும். அக்கா தனியாகக் கொண்டு போனாள். அதே நீலச் சட்டைப் பெண். அக்காவைப் பார்த்ததும் அவள் தோள் கொஞ்சம் விறைத்தது.

"சார் வரலையா மேடம்?"

"இல்லம்மா."

"வேற ஏதாவது குறை சொல்லணுமா? பிரேக் பத்தி...?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. அப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு. குறை அவன் கால்ல இருந்திருக்கு. உன்னை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதே."

அந்தப் பெண் திரையில் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தாள். பிறகு, "நாங்க சாரையும் ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பாத்திருக்கணும் மேடம். எங்க ஆளுங்களே ஓட்டிப் பாத்தாங்க" என்றாள். அன்று அவள் அக்காவை உள்ளே கூட்டிப் போய், அனுமதி இல்லாத இடத்தில், லிஃப்ட்டில் உயர்த்தியிருந்த காரின் அடிவயிற்றைக் காட்டினாள். அக்கா அதைத் தன் போனில் படமெடுத்து வந்தாள். தம்பி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்க முடியாமல், "பெரிசாக்கு, இன்னும் பெரிசாக்கு" என்று சொல்லிச் சொல்லி ஒரு மணி நேரம் பார்த்தான்.

விற்கும் முடிவைத் தம்பியேதான் எடுத்தான். மருத்துவமனைக்குப் போய்வரச் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றும் வேன் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அது சரிவுப் பலகையை இறக்கி நிற்க வேண்டுமானால் இவர்களுடைய பார்க்கிங் இடம் முழுதாக வேண்டும். அந்த இடத்தில் கார் நின்றது. நாலு தடவை பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் இடத்தைக் கடன் வாங்கினார்கள். ஐந்தாவது தடவை மழையில் சாலையிலேயே வேனை நிறுத்தி நனைந்துகொண்டு ஏறிய அன்று, "போதும்க்கா. குடுத்துடு" என்றான்.

ஓர் இளம் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார். மரியாதையான பிள்ளை. மேலே வந்து தம்பியின் கையைத் தொட்டுப் பேசினார். அதற்குள் தம்பியின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அக்காதான் மொழிபெயர்த்தாள். தம்பி நோட்டைக் கொடுக்கச் சொன்னான். முதல் நாளிலிருந்து எழுதிய காற்றழுத்தம், டயர் மாற்றிய தேதி, ஆயில், பேட்டரி, எல்லாம் அதில் இருந்தது. பாதிக்குமேல் அக்காவின் கையெழுத்து. பல் டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் இப்ப ஆப்லயே வந்துடும் சார். நீங்களே ஞாபகமா வச்சுக்கங்க" என்று இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார். அக்கா அதை வாங்கித் தம்பியின் மடியில் வைத்தாள்.

கார் வளாகத்தை விட்டுப் போகும்போது தம்பியைப் பால்கனியில் உட்கார வைத்திருந்தார்கள். பல் டாக்டர் எஞ்சின் சூடாவதற்குள்ளேயே அதட்டி எடுத்துக்கொண்டு போனார். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மதியம் பல் டாக்டர் போன் செய்தார். தம்பி அப்போது பெரும்பாலும் படுக்கையில்தான். மூச்சுக்கு முகமூடி வந்துவிட்டது. அதன் பிறகு அவன் உயிரோடு இருந்தது ஒன்பது மாதம். அக்கா வகுப்புகளைக் காலை நேரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வண்டி வலது பக்கமா இழுக்குது. மழையில பின்பக்கம் வழுக்கற மாதிரி இருக்கு. சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியுமா?"

அக்கா தம்பியிடம் சொன்னாள். அவன் முகமூடியை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். ஒரு சொல், மூச்சு, ஒரு சொல். அக்கா வாயருகே காதை வைத்துக் கேட்டு, போனில் சொன்னாள்.

"பின்னாடி டயர் மாத்தினீங்களான்னு கேக்கறான்."

"ஆமா, ஒண்ணு பஞ்சர் ஆச்சு. அதை மட்டும் மாத்தினேன். வேற கம்பெனி. அளவு ஒண்ணுதான்னு கடையில சொன்னாங்க."

"பின்னாடி ரெண்டும் ஒண்ணா இருக்கணுமாம். ஒரே கம்பெனி, ஒரே வயசு. பட்டன் ஒண்ணுல ஆழமா, ஒண்ணுல தேஞ்சு இருந்தா இழுக்குமாம். மழையில கவுத்துடுமாம். உடனே மாத்தணும்னு சொல்றான்."

"ஓ, அப்படியா..." மறுமுனையில் யாரோ நோயாளியை உட்காரச் சொல்லும் குரல் கேட்டது. "சரிக்கா, பாக்கறேன். அடுத்த சர்வீஸ் வரட்டும், அப்ப கேட்டுக்கறேன். இப்ப கொஞ்சம் மெதுவா ஓட்டினா போதும்ல?"

"அடுத்த சர்வீஸ் எப்ப?"

"அது வர ஆறு மாசம் இருக்கும். சாரைக் கேட்டதாச் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்குள் எங்கோ அந்தக் கார் ஒரு தேய்ந்த டயரும் ஒரு புது டயருமாக மழையில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கே போய் மாற்றுங்கள் என்று கத்த அவனுக்குக் குரல் இல்லை. கத்தினாலும் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

"என்... சொன்...?"

"நாளைக்கே மாத்திடறேன்னான்" என்றாள் அக்கா.

அவன் பார்வை அவள் முகத்தை விட்டு அகலவில்லை. பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் புரிகிற குழறலில், "பொய்" என்றான்.

"ஆமாடா, பொய்தான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு புரையேறி இருமலானது. அக்கா அவனைத் தோளோடு அணைத்து நிமிர்த்தி, முதுகைத் தடவி, எச்சிலைத் துடைத்து, மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். முகமூடியை மறுபடி மாட்டித் தலையணையில் சாய்த்தாள். அவன் புருவத்தால் இடது பக்கம் காட்டினான். தலையணையை இடது பக்கம் நகர்த்தினாள். இல்லை என்றான். கொஞ்சம் கீழே இறக்கினாள். அதுவும் இல்லை. ஒரு துண்டை மடித்துக் கழுத்துக்குக் கீழே வைத்தாள், எடுத்தாள், இரண்டாக மடித்து வைத்தாள். எங்கே உறுத்துகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோதும் அவள் கட்டிலுக்கு மேல் குனிந்து, "இப்ப? இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.